கைக்கு அடங்கிய பாய்

பிரான்சு நாட்டின் தென்பகுதியில், மத்தியதரைக் கடலின் கரையில், குருயிசான் என்னும் சிற்றூர் உளது. உப்பளங்களும் கடற்கழிகளும் சூழ அமைந்த ஊர் அது. அவ்வூருக்கு இயற்கை அளித்த செல்வங்கள் இரண்டு. ஒன்று நீண்டு கிடக்கும் மணற்கரை, மற்றொன்று காற்று. வடமேற்கிலிருந்து வரும் அக்காற்றை அந்நாட்டார் டிரமோன்டேன் என்பர். ஒருபுறம் பிரனீசு மலைத்தொடர். மறுபுறம் நடுப் பிரான்சின் உயர்ந்த மேட்டுநிலம். இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தாழ்வான வழியில் புகும் காற்று, மதகில் நுழைந்த வெள்ளம் போல விரைவு கொள்கிறது. கரையைக் கடந்து கடலை நோக்கிப் பாய்கிறது.

காற்றுக்கு அஞ்சிக் கதவை அடைப்பது உலக வழக்கம். குருயிசானுக்கோ, காற்று வரும் என்று கேட்டே ஆண்டுதோறும் பெருங்கூட்டம் வந்து சேர்கிறது. டெஃபி விண்ட் என்னும் நெடுந்தொலைவுப் பந்தயம் பெரும்பாலும் மே மாதத்தில் அங்கு நடைபெறும். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே வேளையில் கடலில் இறங்குவர். உலகப் பட்டம் பெற்ற வீரரும் இருப்பர். விடுமுறைக்கு வந்த பள்ளி ஆசிரியரும், தலை நரைத்த பாட்டனாரும் இருப்பர். கரையோரமாகச் சென்று திரும்பி, மீண்டும் சென்று திரும்பி, ஏறத்தாழ 40 கிலோமீட்டர் ஓடவேண்டும். ஒரு கை அகலமே உடைய பலகையின்மேல் நின்றுகொண்டு, ஒரு பாயைக் கையில் பற்றிக்கொண்டு, இத்தொலைவைக் கடப்பதே போட்டி.

பந்தய நாளின் காலையில் அம்மணற்கரையை நோக்கினால் வியப்பாக இருக்கும். எவரும் கடலைப் பார்ப்பதில்லை, வானத்தைப் பார்க்கின்றனர், பக்கத்தில் இருப்பவன் எந்தப் பாயை விரிக்கிறான் என்று ஓரக் கண்ணால் பார்க்கின்றனர். பெரிய பாயா, சிறிய பாயா? பந்தயத்திற்கென்றே செய்த கனத்த பாயா, எளிதில் கையாளத்தக்க இலேசான பாயா? அன்றைய வெற்றி தோல்வியில் பெரும்பகுதி, கால் நனையும் முன்பே, மணலின்மேல் முடிவாகிவிடுகிறது.

இந்த முடிவு இத்துணை அருமை உடையதாவது ஏன்? அதனை அறிய, முதலில் இக்கலத்தின் அமைப்பை அறிதல் வேண்டும்.

ஆங்கிலத்தில் விண்ட்சர்ஃபிங் என்று வழங்கும் இவ்விளையாட்டின் கருவியை நாம் பாய்ப்பலகை என்று அழைக்கலாம். இதனை முதன்முதல் கண்டவர் யார் என்பதில் வழக்கு உண்டு. இங்கிலாந்தில் பீட்டர் சில்வர்சு என்னும் சிறுவர் 1958ஆம் ஆண்டிலேயே ஒரு பலகையில் பாய் கட்டி ஓட்டினார். அமெரிக்காவில் நியூமன் டார்பி 1964ஆம் ஆண்டில் ஒன்று அமைத்தார். ஆயினும், இன்று நாம் காணும் வடிவத்தை உலகெங்கும் பரப்பியவர்கள் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜிம் டிரேக், ஹாயில் சுவைட்சர் என்னும் இருவரே. டிரேக் விமானப் பொறியியல் வல்லுநர். இருவரும் 1968ஆம் ஆண்டில் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1970ஆம் ஆண்டில் அதனைப் பெற்றனர்.

அவர்கள் செய்த புதுமை சிறியது போலத் தோன்றும். உண்மையில் அது பெரிது. மற்றப் பாய்க்கலங்களில் பாய்மரம் அசையாது நாட்டப்பட்டிருக்கும். அதனை நாற்புறமும் கயிறுகள் இழுத்துப் பிடிக்கும். சுக்கான் திசையைத் திருப்பும். பாய்ப்பலகையிலோ பாய்மரத்தின் அடியில் எத்திசையிலும் சாயக்கூடிய ஒரு மூட்டு இருக்கிறது. விட்டுவிட்டால் பாய் நீரில் விழுந்துவிடும். அதனைத் தாங்கும் கயிறு இல்லை, சுக்கானும் இல்லை. பாயின் இருபுறமும் வளைந்து செல்லும் கைப்பிடிச் சட்டத்தைப் பற்றி நிற்கும் மனிதனே கயிறு, அவனே சுக்கான். பாயை முன்னே சாய்த்தால் பலகை காற்றை விட்டு விலகும். பின்னே சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்பும். ஆகவே, இக்கலத்தில் பாயின் எடை என்பது கலத்தின் எடையில் ஒரு பகுதி மட்டும் அன்று; ஓட்டுபவனின் தோளிலும் முழங்கையிலும் விழும் சுமையும் ஆகும்.

இனி, காற்றின் வலிமையைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். பாயின்மேல் காற்று செலுத்தும் விசை, பாயின் பரப்பளவைப் பொறுத்தது. காற்றின் வேகத்தைப் பொறுத்தது. ஆனால் இரண்டும் ஒரே வகையில் அன்று. பரப்பு இருமடங்கானால் விசையும் இருமடங்காகும். வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும். ஏழு சதுர மீட்டர் பாய் ஒன்றைக் காற்றுக்கு எதிரே நேராக நிறுத்துவதாகக் கொள்வோம். மணிக்கு 28 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், அதன்மேல் ஏறத்தாழ 25 முதல் 30 கிலோ எடைக்கு ஒப்பான விசை விழும். காற்று 56 கிலோமீட்டர் ஆயிற்று என்றால், அது 100 கிலோவைத் தாண்டும். குருயிசானில் காற்று காலையில் ஒரு வேகத்திலும், நண்பகலில் வேறொரு வேகத்திலும் வீசக்கூடும். ஓடுகின்ற பலகையில் பாயை மாற்ற இயலாது. காலையில் தேர்ந்தெடுத்த பாயே கடைசிவரை துணை. அல்லது கடைசிவரை பகை.

இச்சுமை முழுவதையும் கைகளே தாங்குவதில்லை என்பது உண்மை. 1970-களின் நடுவில் ஹவாய்த் தீவுகளில் இவ்விளையாட்டினர் ஓர் இடைக்கச்சையை வழக்கத்திற்குக் கொண்டுவந்தனர். கச்சையில் ஒரு கொக்கி இருக்கும். கைப்பிடிச் சட்டத்தில் தொங்கும் சிறு கயிற்றில் அதனை மாட்டிக்கொண்டு, உடல் எடையாலேயே பாயைத் தாங்கலாம். இக்கச்சை இல்லாவிடில் 40 கிலோமீட்டர் பந்தயம் என்பதே கனவாகப் போயிருக்கும். எனினும், அலையில் பலகை துள்ளும்போதும், காற்று திடீரென வலுக்கும்போதும், திரும்பும்போதும் கைகள்தாம் பாயைக் காக்கவேண்டும். இறுகப் பற்றிய நிலையில் முன்கைத் தசைகள் தளராமல் நின்றால், அவற்றினுள் குருதி தடையின்றி ஓட முடியாது. சற்று நேரத்தில் முன்கை கல்லைப் போல் இறுகிவிடும். விரல்கள் சொன்ன சொல் கேளா. எடை மிகுந்த நீர்க்குடத்தை நெடுந்தொலைவு சுமந்து வந்தவர்கள் இதனை நன்கு அறிவர்.

இப்போது பாயின் வகைகளைக் காண்போம். பாய்மரத்தோடு இணையும் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையில், பாயின் குறுக்கே சில மெல்லிய வரிச்சுகள் ஓடும். அவையே பாய்க்கு வடிவம் தருபவை. பந்தயத்திற்கென்றே செய்யப்படும் பாய்களில், இவ்வரிச்சுகளின் முன்நுனியில் பிளாஸ்டிக்கால் ஆகிய கவைகள் இருக்கும். அக்கவைகள் பாய்மரத்தைக் கவ்விப் பிடித்து, பாயின் முன்பகுதியை விமான இறக்கையின் முன்பகுதி போல உருட்சியாக வைத்திருக்கும். அதற்கேற்ப, பாய்மரம் நுழையும் உறையும் அகலமாக இருக்கவேண்டும். இப்பாயின் சிறப்பு யாதெனில், காற்று எவ்வளவு முரண்டினாலும் அதன் வடிவம் கலைவதில்லை. இழுவிசையின் மையம் இடம் பெயர்வதில்லை. உயர்ந்த வேகம் கிட்டுகிறது.

இலேசான பாயில் கவைகள் இல்லை, உறை குறுகியது, வரிச்சுகளும் குறைவு. ஏழரைச் சதுர மீட்டர் அளவில் கவையுள்ள பந்தயப் பாய் ஐந்து கிலோவைத் தாண்டும். கவையற்ற பாய் நான்கு கிலோவை ஒட்டி நிற்கும். ஒரு கிலோ வேறுபாடுதானே என்று எண்ணலாம். அந்த ஒரு கிலோ எங்கே இருக்கிறது என்பதுதான் வினா. நீண்ட மூங்கிற்கழி ஒன்றின் அடியைப் பிடித்து நிமிர்த்துங்கள், எளிது. அதன் நுனியில் ஒரு சிறு மணல்மூட்டையைக் கட்டி மீண்டும் நிமிர்த்துங்கள். மூட்டையின் எடை சிறிதே ஆயினும் கழி கையை முறுக்கும். பாய்மரம் நான்கரை மீட்டருக்கு மேல் உயரமுடையது. அதன் மேற்பகுதியில் கூடும் ஒவ்வொரு நூறு கிராமும் ஓட்டுபவனுக்குப் பல மடங்காகத் தோன்றும். நல்ல பாய் செய்வோர் மேற்பகுதிக்கு மெல்லிய படலத்தைப் பயன்படுத்துவதும், கண்ணாடியிழைப் பாய்மரத்துக்கு மாற்றாகக் கரியிழைப் பாய்மரத்தை வேண்டுவதும் இதனாலேதான். என் கருத்தில், இலேசான பாயை வாங்கி அதில் கனத்த பாய்மரத்தை நுழைப்பவர் தம் பணத்தில் பாதியைக் கடலில் எறிந்தவரே ஆவர்.

எளிய பாயின் அருமை நேராக ஓடும்போது தெரிவதன்று. திரும்பும்போதும் விழும்போதும் தெரிவது. பந்தயத்தின் ஒரு கோடியில் மிதவை கட்டப்பட்டிருக்கும். அதனைச் சுற்றித் திரும்புகையில், ஓட்டுபவர் பாயை ஒரு கணம் கைவிட்டு, அது பாய்மரத்தைச் சுற்றிச் சுழன்று மறுபுறம் வந்ததும் மீண்டும் பற்றவேண்டும். கவைகள் உள்ள பாய், மறுபுறம் புரளுவதற்கு அடம்பிடிக்கும். சில வேளைகளில் ஒரு தட்டுத் தட்டினால்தான் புரளும். கவையற்ற பாயோ, புத்தகத்தின் ஏட்டைப் போலத் தானே புரண்டுவிடும். அந்த மிதவையருகில் நூற்றுக்கணக்கானோர் நெருங்கித் திரும்புகின்றனர். ஒருவர் விழுந்தால், பின்வருபவர் அவர்மேல் மோதாமல் விலகவேண்டும். விலகுபவர் தாமும் விழுகின்றார். விழாமல் திரும்புவதே அங்குப் பாதி வெற்றி.

விழுந்தவர் எழுவது எவ்வாறு? நீரில் மிதந்தபடியே பாயின் விளிம்பைத் தலைக்குமேல் சிறிது தூக்கினால், அதன்கீழ் காற்று நுழையும். காற்றே பாயை உயர்த்தி, அதனோடு ஓட்டுபவரையும் பலகையின்மேல் தூக்கி நிறுத்தும். காண்பதற்கு வித்தை போல் இருக்கும் இம்முறை, பாய் இலேசாக இருந்தால்தான் எளிது. அகன்ற உறையுள்ள பாய் நீரில் கிடந்தால், உறைக்குள் நீர் புகுந்து நிறைந்துவிடும். நான்கு படி நீர் புகுந்தாலும் பாயின் எடை ஏறத்தாழ இருமடங்காகிவிடும் அன்றோ? களைத்த கை அதனைத் தூக்கும், நீர் வடிவதற்குள் ஓர் அலை வந்து மீண்டும் அமிழ்த்தும், மறுபடியும் தூக்கவேண்டும். இரண்டு முறை இவ்வாறு நேர்ந்தால், அதுவரை வேகத்தால் சேர்த்த நிமிடங்கள் எல்லாம் கரைந்துவிடும்.

ஒரே வலிமையும் ஒரே பயிற்சியும் உடைய இருவர் அப்பந்தயத்தில் இறங்கினர் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் வாரத்தில் ஐந்து நாள் அலுவலகத்தில் அமர்ந்து பணிசெய்பவர். விடுமுறையில் மட்டும் கடலுக்கு வருபவர். முதலாமவர் கவைகள் உள்ள பெரிய பாயைக் கொண்டார். இரண்டாமவர் அரைச் சதுர மீட்டர் குறைந்த எளிய பாயைக் கொண்டார். முதல் 10 கிலோமீட்டரில் முதலாமவர் தெளிவாக முந்துகிறார். இரண்டாமவர்க்கு அவர் பாய் கண்ணுக்கு மறைந்துபோகிறது. இருபதாவது கிலோமீட்டரில் காற்று வலுக்கிறது. முதலாமவர் கொக்கியில் தொங்கியபடி பல்லைக் கடித்துக்கொண்டு பாயைச் சற்றே திறந்துவிடுகிறார். திறந்தால் வேகம் குறைகிறது. மூடினால் தூக்கி எறிகிறது. மிதவையில் திரும்பும்போது பாய் புரளவில்லை. விழுகிறார். உறையில் நீர். அவர் எழும் வேளையில் இரண்டாமவர், அவ்வளவு வேகம் இல்லாவிட்டாலும், நிற்காமல் அவரைக் கடந்து போகிறார். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுபவர் மூன்று நிமிடம் நீரில் கிடந்தால் இரண்டு கிலோமீட்டரை இழக்கிறார். இரண்டாமவர் வேகத்தில் மணிக்கு இரண்டு கிலோமீட்டர் குறைந்தவராயினும், அந்த ஒரு வீழ்ச்சியே அவரைச் சமமாக்கிவிடும். இரண்டாவது வீழ்ச்சி முன்னே தள்ளிவிடும்.

இதனால் கவைப்பாய் தீது என்று கொள்ளலாகாது. அதனைத் தாங்கும் உடலுடையவர்க்கு அதுவே சிறந்தது. அந்தோன் அல்போ என்னும் பிரெஞ்சு வீரர் இப்பந்தயத்தைப் பன்முறை வென்றவர், உயரமும் எடையும் ஒருங்கே வாய்ந்தவர், நாள்தோறும் பயில்பவர். பிறரைத் தூக்கி எறியும் பாய் அவரிடம் அடங்கி நிற்கும். எளிய பாய்க்கும் ஒரு குறை உண்டு. தாங்கும் அளவுக்கு மிஞ்சிய காற்றில் அதன் வளைவு பின்னே நகர்ந்துவிடும். அப்போது பின்கை மட்டும் இழுபட்டுத் துன்புறும். இக்குறையைத் தணிக்கும் வழி, பாயின் முன்விளிம்பைக் கீழ்நோக்கி இழுக்கும் கயிற்றை நன்கு இறுக்குவதாகும். அவ்வாறு இறுக்கினால் பாய்மரம் வளையும். பாயின் உச்சியில் பின்விளிம்பு தளரும். திடீரென வலுத்த காற்று வரும்போது, தளர்ந்த அப்பகுதி தானே திறந்து, மிகுதியான காற்றை வழியவிட்டு, மீண்டும் மூடிக்கொள்ளும். தென்னையின் ஓலை புயலுக்கு வழிவிடுவது போன்றது இது. கரையில் பார்க்கும்போது உச்சி தொளதொள என்று அழகின்றித் தோன்றுவதால், புதியவர்கள் கயிற்றை இறுக்கத் தயங்குவர். பந்தயத்தில் பலருடைய கை சோர்வதற்குப் பாயைவிட இத்தயக்கமே காரணமாக இருக்கிறது.

எளிய கருவியால் போட்டி சுவை குன்றும் என்பாரும் உளர். அவர்கள் ஒரு நிகழ்ச்சியை நினைவுகூரலாம். தொடக்க காலத்தில் எல்லாரும் ஒரே வகைப் பலகையிலும், ஏறத்தாழ 5.2 சதுர மீட்டர் அளவுள்ள ஒரே வகைப் பாயிலும் போட்டியிட்டனர். 1976ஆம் ஆண்டில் பகாமாத் தீவுகளில் நடந்த உலகப் போட்டியில் பட்டம் வென்றவர் ராபி நெய்ஷ். அப்போது அவருக்கு வயது 13. உங்களில் சிலருடைய வயது. சிறுவன் கைக்கு அடங்கும் பாயாக அது இருந்ததனால் அன்றோ பெரியவர்களோடு அவன் நேர்நின்று போட்டியிட முடிந்தது? அந்தப் பழைய பலகையின் புதிய வடிவம் அண்மைக் காலத்தில் மீண்டும் வந்துளது. பலகை 15 கிலோ, பாய் 5.7 சதுர மீட்டர். கவைகள் இல்லை. அவ்வகையினர் நடத்தும் போட்டிகளில் நெடுந்தொலைவு ஓட்டமும் ஒரு பிரிவாகும்.

கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றில், பாயைத் தூக்க வலுவிழந்தவருக்கு நேரக்கூடியது தோல்வி மட்டும் அன்று. அவரைக் காற்று கரைக்குக் கொணராது, அப்பால் கொண்டுசெல்லும். ஆர்னோ த ரோனே என்னும் பிரெஞ்சுக்காரர் 1979ஆம் ஆண்டில் பெரிங் நீர்ச்சந்தியைப் பாய்ப்பலகையில் கடந்த துணிவாளர். பசிபிக் பெருங்கடலிலும் நெடும்பயணம் செய்தவர். 1984ஆம் ஆண்டு நவம்பரில் சீனக் கரையிலிருந்து தைவானை நோக்கித் தனியே புறப்பட்டார். அவர் கரை சேரவில்லை. என்ன நேர்ந்தது என்பதை உரைக்கக் கடல் ஒன்றே சான்று. குருயிசானில் காப்புப் படகுகள் பந்தய வழியெங்கும் நின்று காவல் புரிகின்றன. எனினும், ஆயிரம் பேர் கடலில் இருக்கும்போது ஒவ்வொருவர் அருகிலும் ஒரு படகு நிற்க இயலாது. கடைசி ஐந்து கிலோமீட்டருக்கு வேண்டிய வலிமையைக் கையில் மீத்து வைப்பதற்காகவே, ஆண்டுதோறும் வந்து பழகிய பலர் ஆசைப்பட்ட அளவைவிட ஒரு படி சிறிய பாயை விரிக்கின்றனர். அவர்களுடைய பெயர்கள் முடிவுப் பட்டியலின் முதல் ஏட்டில் இரா. ஆனால் பட்டியலில் இருக்கும்.

பிற்பகலில் கடைசிப் பலகையும் மணலைத் தொடுகிறது. கரையெங்கும் பாய்கள் இறகு விரித்த பறவைகளைப் போலக் கிடக்கின்றன. ஒருவர் உறையைத் தலைகீழாகப் பிடித்து நீரை வடிக்கிறார். மற்றொருவர் விரல்களை மடக்கவும் நீட்டவும் முயல்கிறார், அவை மடங்கவில்லை. மறுநாளும் ஓட்டம் உண்டு. காற்று இன்னும் வலுக்கும் என்று அறிவிப்புப் பலகையில் எழுதியிருக்கிறார்கள். அதனை இருமுறை படித்தபின், காலையில் பெரிய பாயை விரித்தவர் தம் வண்டியின் கதவைத் திறந்து, அடியில் சுருட்டி வைத்திருந்த சிறிய பாயை வெளியே எடுத்து வைக்கிறார்.